வரிப் பாக்கி நோட்டீஸ்: கட்டுவதா, தவணையா, திருத்த மனுவா, மேல்முறையீடா?

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எவ்வளவு சார் கட்டணும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தேதியில வந்துச்சு?" வருமான வரிப் பாக்கியில் தொகையைவிடத் தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது. பாக்கியைக் கட்டச் சொல்லும் 156-ஆம் பிரிவு நோட்டீஸ் ஆனாலும், ரிட்டர்னைச் சரிபார்த்து பெங்களூரு சி.பி.சி. (துறையின் மத்தியச் செயலாக்க மையம்) அனுப்பும் 143(1) அறிவிப்பு ஆனாலும், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் கெடு. பணம் கட்டவும் அந்த 30 நாள்தான், மேல்முறையீடு செய்யவும் அந்த 30 நாள்தான். (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்கள் வேறு.)

கேட்ட தொகை நியாயம் என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். டெபாசிட் வட்டியைக் கணக்கில் காட்ட விட்டுப்போயிற்று, துறை கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை. மொத்தமாகக் கட்டுவதா, தவணை வாங்குவதா என்பது மட்டும்தான் கேள்வி. தவணை வேண்டும் என்றால் கெடு முடிவதற்குள் வரி அதிகாரியிடம் எழுதிக் கேட்க வேண்டும். 220(3) பிரிவின்படி அவர் அனுமதிக்கலாம். ஆனால் தவணை கிடைத்ததால் வட்டி நிற்காது. மாதத்துக்கு 1%, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. ஒரு தவணை தவறினால் மீதி மொத்தமும் அன்றே கட்ட வேண்டிய பாக்கியாகிவிடும். ஆண்டுக்கு 12% ஆகிற இந்தக் கணக்கைப் பார்க்கும்போது, அதற்குக் கீழே நகைக்கடன் கிடைக்கிறவர்களிடம் நகையை வைத்து வரியை முடித்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வங்கிக் கடனைச் சிறுகச் சிறுக அடைக்கலாம். தலைக்கு மேல் வரி பாக்கி என்ற பேச்சே இருக்காது.

தொகை தவறு என்று நினைக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்தான் பெரியது. திருத்த மனுவா, மேல்முறையீடா?

154-ஆம் பிரிவுத் திருத்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்தபடி இணையதளத்தில் போட்டுவிடலாம். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டு வரை நேரமும் இருக்கிறது. மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து 6 மாதத்துக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். இத்தனை வசதி இருப்பதால் எல்லோருக்கும் இதன் மேல் கண். ஆனால் பதிவைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழைக்கு மட்டும்தான் இது செல்லும். 26ஏ.எஸ். என்ற வரி வரவுப் பட்டியலில் இருக்கிற டி.டி.எஸ்.ஸை, அதாவது சம்பளம், வட்டி தரும்போதே பிடித்த வரியை, கழிக்க மறந்தது, கட்டிய சலானைச் சேர்க்காதது, கூட்டல் தப்பு, இப்படிப்பட்டவை. நீளமாக வாதம் வைத்து நிறுவ வேண்டிய விஷயம் இதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே, டி.எஸ்.பலராம் எதிர் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

மேல்முறையீடு வேறு ரகம். படிவம் 35, வருமானத்தைப் பொறுத்து 250, 500 அல்லது 1,000 ரூபாய் கட்டணம். சட்டத்தை எப்படிப் பொருள்கொள்வது, செலவு உண்மையா, வருமானம் யாருடையது என்று எதையும் அங்கே வாதாடலாம். முடிவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம் என்பது இதன் பாரம். மனு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது என்பதையும் பலர் அறிவதில்லை. வசூலை நிறுத்திவைக்கச் சொல்லி 220(6) பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்பாணைப்படி பொதுவாக 20% கட்டினால் மீதியை நிறுத்திவைப்பார்கள்; அதற்கு முன் 15% இருந்தது. 20% என்பது கல்லில் எழுதிய கணக்கு அல்ல, அதிகாரி அதற்குக் குறைவாகவும் ஏற்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையில் காசே இல்லாதவர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கத் தயங்கக்கூடாது.

திருத்த மனு போட்டுவிட்டோம், பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் மேல்முறையீட்டின் 30 நாள் அது பாட்டுக்கு ஓடிவிடும். ஒன்று போட்டால் மற்றது காத்திருக்கும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சந்தேகம் இருந்தால் இரண்டையும் போடுங்கள். மேல்முறையீட்டில் முடிவான விஷயத்தைத்தான் திருத்த மனுவில் மறுபடி எடுக்க முடியாதே தவிர, இரண்டும் ஒரே நேரத்தில் இருப்பதில் தடையில்லை.

தனியார் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் எங்களிடம் வந்தார். ஒரு மஞ்சள் பை நிறைய காகிதம். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றிலும் டி.டி.எஸ். 7,500 என்று அச்சாகியிருந்தது, வருஷத்துக்கு 90,000. அவருடைய 26ஏ.எஸ்.ஸைத் திறந்தால் ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்த பணத்தைக் கம்பெனி அரசுக்குக் கட்டவே இல்லை. "தம்பி, மூணு தடவ திருத்த மனு போட்டேன், மூணு தடவையும் அதே பதில்தான் வருது" என்றார். கம்ப்யூட்டர் 26ஏ.எஸ்.ஸைத்தான் பார்க்கும், அதில் இல்லாததை எத்தனை தடவை கேட்டாலும் அது தராது. இதற்குள் அடுத்த வருஷத்து ரீஃபண்டை 245-ஆம் பிரிவில் பாக்கிக்குக் கழித்துக்கொண்டார்கள்.

அவர் தட்ட வேண்டிய கதவு 205-ஆம் பிரிவு. சம்பளத்தில் வரி பிடித்தாகிவிட்டது என்றால், அந்த அளவுக்கு ஊழியரிடம் நேரடியாகக் கட்டச் சொல்லக்கூடாது என்கிறது அது. இப்படிப்பட்ட பாக்கிக்கு ஊழியரை நெருக்க வேண்டாம் என்று வாரியமே 2015 ஜூன் 1 கடிதத்திலும் 2016 மார்ச் 11 குறிப்பாணையிலும் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சம்பளச் சீட்டு, பிடித்தம் போக மீதி வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், இரண்டையும் இணைத்து அதிகாரிக்கு எழுதினோம். தாமதத்துக்குக் காரணம் காட்டி மேல்முறையீடும் போட்டோம். முதல் மாதமே வந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு பக்கம் எழுத வேண்டியே இருந்திருக்காது. உழைத்த சம்பளத்தில் ஒரு தடவை போனதை இன்னொரு தடவை கட்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

264-ஆம் பிரிவு மறுஆய்வு என்று இன்னொரு வழியும் உண்டு. 500 ரூபாய் கட்டணம், ஓராண்டுக்குள் ஆணையரிடம் கேட்கலாம், இருப்பதைவிட மோசமான உத்தரவு வராது. ஆனால் அதில் தோற்றால் மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டுமே. மேல்முறையீட்டுக் கெடு தவறியவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

இப்போது பணக்கணக்கு. 1,20,000 பாக்கி, மேல்முறையீடு 3 ஆண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20% அதாவது 24,000 கட்டிவிட்டுத் தோற்றால், மீதி 96,000-க்கு மாதம் 960 வீதம் 36 மாதத்தில் 34,560 வட்டி சேரும். மொத்தத்தையும் கட்டிவிட்டு ஜெயித்தால், துறை மாதம் 0.5% வீதம் 21,600 வட்டியோடு திருப்பித் தரும். அந்த வட்டிக்கும் வரி உண்டு. வழக்கு பலவீனம், கையில் பணம் இருக்கிறது என்றால் கட்டிவிட்டு வாதாடுவதே நல்லது. வழக்கு பலமானது என்றால் 20% போதும்.

ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? 226(3) பிரிவில் வங்கிக்கு நோட்டீஸ் போகும். கணக்கில் உள்ள பணம் பாக்கிக்குப் போய்விடும். உங்களுக்குப் பணம் தர வேண்டிய வாடிக்கையாளருக்கும் இதே நோட்டீஸ் போகலாம், வியாபாரிக்கு அந்தத் தலைகுனிவு பணத்தைவிடப் பெரிது. அடுத்தது டி.ஆர்.ஓ. நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் மாவட்ட வருவாய் அலுவலர் என்றுதான் நினைப்போம். இவர் வருமான வரித் துறையின் வரி வசூல் அலுவலர் (Tax Recovery Officer). ஜப்தி, ஏலம், ஏன், கைது வரைக்கும் அவருக்கு அதிகாரம் உண்டு. 221-இல் பாக்கி வரி அளவுக்கு அபராதமும் போடலாம்.

அரசு தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் தள்ளியது 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்டவையும்தான். 2024-இன் விவாத் சே விஸ்வாஸ் சமரசத் திட்டமோ, அந்த ஆண்டு ஜூலை 22 அன்று மேல்முறையீடு நிலுவையில் வைத்திருந்தவர்களுக்கு வந்தது. திருத்த மனுவை மட்டும் கையில் வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

எந்த வழியில் போனாலும் இணையதளத்தில் பாக்கிக்குப் பதில் தரும் பக்கத்தில் கை வைக்கும் முன் நிதானியுங்கள். 'தொகை சரி' என்று கொடுத்துவிட்டால் பிறகு அங்கே 'ஏற்கவில்லை' என்று மாற்ற முடியாது. 'ஏற்கவில்லை' என்று கொடுப்பதும் மனு ஆகிவிடாது. அதோடு மனு எண்ணையும் தேதியையும் சேர்க்க வேண்டும். பணம் கட்டினால் சலானில் 400 (நோட்டீஸ் வந்த பாக்கிக்கானது) என்ற தலைப்பில், அந்த நோட்டீஸின் எண்ணோடு கட்டுங்கள். ரிட்டர்னுக்கு முன் நாமே கணக்கிட்டுக் கட்டும் வரிக்கான 300-இல் கட்டிவிட்டு, பாக்கி அப்படியே நிற்கிறதே என்று சலானோடு வருகிறவர்களுக்குத்தான் 154 மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.