கண்ணைக் கட்டி நடப்பதா, நினைவை எழுதுவதா?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய தம் மனப்பாங்கை மாணவர்கள் ஆராய்ந்து பார்க்க, வகுப்பறைகளில் இரு வழிகள் கையாளப்படுகின்றன: கண்ணைக் கட்டிக்கொண்டோ சக்கர நாற்காலியில் அமர்ந்தோ சிறிது நேரம் கழிக்கும் பாவனைப் பயிற்சி ஒன்று, குழந்தைப் பருவத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்முதலில் கண்ட நினைவை எழுதுவது மற்றொன்று.

பாவனைப் பயிற்சி மனத்தை உடனே தொடும் என்பது உண்மைதான். ஆயினும் அரை மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டவர் உணர்வது பழக்கமில்லாதவரின் தடுமாற்றத்தையே, பல்லாண்டுகள் வெண்கோலுடன் நடந்தவரின் தேர்ச்சியை அன்று; அதனால் இரக்கம் கூடுகிறது, மதிப்பு கூடுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் பலர் இதை எதிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

நினைவை எழுதுவது மெதுவான வழி என்றாலும், மனப்பாங்கு எங்கே வேர்விட்டது என்பதை அது காட்டுகிறது. “உற்றுப் பார்க்காதே” என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தது நல்லெண்ணத்தால்தான். ஆனால் அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது மரியாதையையா, முகத்தைத் திருப்பிக்கொள்வதையா என்று, வளர்ந்த பின் அதை எழுதும்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. தம்முடன் படித்த மாற்றுத்திறனாளி மாணவர் எவரும் இருந்ததில்லை என்று எழுதுவோரிடம், அத்தகைய மாணவர்கள் ஏன் அந்தப் பள்ளிக்கு வரவில்லை, வாசலில் சாய்தளம் இருந்ததா என்று மேலும் வினவலாம்.

2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, கல்வியின் எல்லா நிலைகளிலும், சிறு வயது முதலே, அவர்களின் உரிமைகளை மதிக்கும் மனப்பாங்கை வளர்க்கக் கோருகிறது. இரண்டாம் வழியே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவரும் இருக்கலாம் என்பதால், எழுதியதை உரக்கப் படிக்குமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது.