வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டை: மதுரையில் ஜெர்சி அச்சிட்ட அனுபவம்

பதினைந்து சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தோம். பதின்மூன்று முதல் தடவையிலேயே சரியாக வந்தன. மீதி இரண்டையும் மறுபேச்சில்லாமல் திரும்பச் செய்து கொடுத்தார்கள். மதுரையில் அணிச் சட்டை அடிக்க இடம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடையை நான் மனதாரச் சொல்வேன். டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஜான்சி ராணி பூங்கா பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படி செங்குத்து, மூட்டுவலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் ஆள் இறங்கி வருகிறார்.

எங்கள் கிராமம், மேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். கண்மாய் வற்றிய பிறகுதான் எங்களுக்கு மைதானம். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சித்திரையில் நடந்த போட்டிக்குப் புதுச் சட்டை எடுக்கலாம் என்றபோது, எல்லாரும் பார்சிலோனா, அர்ஜென்டினா என்றார்கள். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் மட்டும் இங்கிலாந்துக் கழகமான சவுத்தாம்ப்டனின் 2010-11 சட்டை வேண்டும் என்றான். அந்தக் கழகம் தன் 125-ஆம் ஆண்டை ஒட்டி அணிந்த சட்டை அது. வெள்ளைத் துணி, தோளிலிருந்து இடுப்புக்குச் சரிந்து இறங்கும் ஒரே சிவப்புப் பட்டை, விளம்பரம் எதுவும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஆடிய ரிக்கி லாம்பர்ட்டைப் பற்றி அவனுக்குச் சொன்னவன் நான்தான்.

லாம்பர்ட்டும் நானும் 1982-இல் பிறந்தவர்கள். அவர் லிவர்பூலுக்கு அருகிலுள்ள கிர்க்பியைச் சேர்ந்தவர். லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பிரிவில் ஐந்து ஆண்டுகள் இருந்தவரை 15 வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்துச் சேர்ந்த பிளாக்பூலும் 2000-இல் விட்டுவிட்டது. பிறகு மாக்கிள்ஸ்ஃபீல்டில் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டே, பீட்ரூட் அடைக்கும் தொழிற்சாலையில் பாட்டில்களுக்கு மூடி போடும் வேலை பார்த்தார். நாளுக்கு 20 பவுண்டு. அங்கிருந்து ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று மூன்றாம் நான்காம் பிரிவுகளிலேயே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போயின. 2008-09-இல் மூன்றாம் பிரிவில் 29 கோல். 2009 ஆகஸ்டில் அவரை வாங்கிய சவுத்தாம்ப்டன் அப்போது மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, பத்துப் புள்ளிகள் கழிக்கப்பட்டு, எழுந்திருக்கவே சிரமப்பட்ட கழகம். மேலாளர் ஆலன் பார்டியூ முதலில் உடம்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தார். அந்தப் பருவத்தில் லீகில் மட்டும் 30 கோல். 2011-இல் ஒரு படி, 2012-இல் இன்னொரு படி என்று கழகம் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறியது. இரண்டாம் பிரிவில் 27 கோலும், பிரீமியர் லீகின் முதல் பருவத்தில் 15 கோலும் அடித்தார். சவுத்தாம்ப்டனுக்காக எடுத்த 34 பெனால்டிகளில் ஒன்றைக்கூட விடவில்லை. 2013 ஆகஸ்ட் 14, லண்டன் வெம்ப்ளி மைதானம். 31 வயதில் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு எதிராக மாற்றாளாக இறங்கியவர், கார்னர் பந்து வந்ததும் தலையால் முட்டினார். இங்கிலாந்துச் சட்டையில் அவர் தொட்ட முதல் பந்தே வெற்றிக் கோல். அடுத்த ஆண்டு, 15 வயதில் அனுப்பிவிட்ட அதே லிவர்பூல் அவரைக் காசு கொடுத்து வாங்கியது.

எங்கள் முன்வரிசைப் பையனையும் 15 வயதில் ஒரு தேர்வில், உயரம் இருக்கிறது, வேகம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது 18. பகலில் அப்பள நிறுவனத்தில் கட்டுப்போடும் வேலை. மாலை ஐந்தரைக்குக் கண்மாயில் நிற்பான். லாம்பர்ட்டும் வேகமான ஆட்டக்காரர் இல்லை என்பதை நான் அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. முதுகில் தன் பெயருக்குப் பதிலாக 'லாம்பர்ட்' என்று தமிழில் போடவேண்டும் என்று அவன் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதனால் இந்த வேலையில் பிசகு வரக்கூடாது என்று நினைத்தேன். முன்பு வேறொரு கடையில் எண்ணும் பெயரும் ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது துவைப்பில் உரிந்துவிட்டது. இங்கே சப்ளிமேஷன் முறை. படத்தை இடவலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, துணிமேல் வைத்துச் சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். மை ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உரிய ஒன்றுமில்லை. பருத்தித் துணியில் இது பிடிக்காது. வெள்ளை என்று தனி மையும் கிடையாது. துணியின் வெள்ளைதான் வெள்ளை. இதையெல்லாம் கடையில் கணினி வேலை பார்க்கும் தங்கை ஒருவர், மற்ற வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போதும், பொறுமையாக எனக்கு விளக்கினார்.

பட்டையில்தான் சிக்கல். முன்பக்கம் மட்டும் இருந்தால் எளிது. எங்களுக்கு அது விலாவில் தையலைத் தாண்டி முதுகுப் பக்கமும் தொடர வேண்டும். முன்துண்டும் பின்துண்டும் தனித்தனியாக அச்சாகி, பிறகுதான் தைக்கப்படுகின்றன. துணி ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல் இரு பக்கமும் கால் அங்குலம் விழுங்கும். ஒவ்வொரு அளவுக்கும் பட்டையின் சாய்வு வேறு. அந்தத் தங்கை அளவுக்கு ஒரு படமாக நான்கு படங்கள் வரைந்தார். ஒரே படத்தை நீட்டிச் சுருக்கி முடித்துவிடவில்லை. நான் பார்த்த மற்ற கடைகளில் யாரும் இந்த மெனக்கெடலுக்குத் தயாராக இல்லை. பிசகிய இரண்டு சட்டைகளில் பட்டை ஒரு விரல் அளவு விலகியிருந்தது. தையல்காரர் தானாகவே அவற்றை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்; நான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை.

தமிழ் எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. முதல் மாதிரியில் 'லாமபரட' என்று வந்தது. புள்ளிகள் மொத்தமும் காணவில்லை. எழுத்துரு மாறும்போது இப்படி ஆகிறதாம். எழுத்தைப் படமாக மாற்றி, புள்ளிகளைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். தமிழில் பெயர் போடுகிறவர்கள் மாதிரியை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

சட்டை ஒன்றுக்கு 290 ரூபாய், பாதி முன்பணம். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதம். ஆனால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மார்பு அளவு கொஞ்சம் இறுக்கம். வழக்கமாக எல் போடுகிறவர்கள் எக்ஸ்எல் கேளுங்கள். கழுத்துப் பட்டி சுமார்தான், இரண்டு சட்டைகளில் இப்போதே தளர்ந்துவிட்டது. சிவப்பு மட்டும் பதினோரு துவைப்புக்குப் பிறகும் அன்று வந்த சிவப்பாகவே இருக்கிறது. கண்மாய் மண் வெள்ளைத் துணியில் ஏறினால் உடனே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காயவிட்டால் கறை போகாது. அது கடையின் குற்றமில்லை.

போட்டியில் அரையிறுதி வரை போனோம். பையன் நான்கு கோல் அடித்தான், அதில் இரண்டு பெனால்டி.

தை மாதம் பக்கத்து ஊரில் பொங்கல் போட்டி இருக்கிறது. அதற்குப் பிரிஸ்டல் ரோவர்ஸ் சட்டை கேட்டிருக்கிறான்: நீலமும் வெள்ளையும் மாறி மாறி நான்கு கட்டங்கள். நான்கும் நெஞ்சின் நடுவில் ஒரே புள்ளியில் கூட வேண்டும். படத்தைக் காட்டினேன். அந்தத் தங்கை அளவுநாடாவை எடுத்து என் மார்பிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, கார்த்திகை முடிவதற்குள் கொண்டுவரச் சொன்னார். மார்கழி பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மாடுபிடி வீரர்களின் சட்டை வேலை குவிந்துவிடும், அப்போது தன்னால் அளவுக்கு ஒரு படம் வரைய முடியாது என்றார்.