ஸ்கைரிமில் நான்கு வருடம்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வந்தது 2011 நவம்பரில். நான் ஆடத் தொடங்கியதோ அதற்குப் பல வருடம் கழித்து, பழைய லேப்டாப்பில், கிராபிக்ஸை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்துக்கொண்டு. நான்கு வருடமாகியும் அழிக்க மனம் வரவில்லை. இத்தனைக்கும் முக்கியக் கதையை ஒரே ஒரு முறைதான் முடித்தேன். டிராகன், உலக அழிவு என்று போகும் அந்தக் கதை சுமார்தான்.

என்னை இழுத்துப் பிடித்தது ஒரு தங்க நகம். ரிவர்வுட் கிராமத்துக் கடையில் திருடு போன பொருள் அது. திருடன் எதிர் மலையில் தெரியும் பழைய கல்லறைக்குள் ஓடியிருந்தான். பின்னாலேயே போய், பெரிய சிலந்தி ஒன்றைக் கொன்று, நகத்தைக் கைப்பற்றினேன். கடைசியில் ஒரு கல் கதவு, அதில் மூன்று வளையங்கள், வளையங்களில் விலங்கு உருவங்கள். குருட்டாம்போக்கில் சுழற்றிச் சுழற்றி அலுத்துவிட்டேன். திருடனின் நாட்குறிப்பில் விடை உள்ளங்கையில் இருப்பதாக ஒரு வரி உண்டு. ஏதோ பழமொழி என்று தாண்டிப் போயிருந்தேன். அப்புறம் சும்மா பைக்குள்ளிருந்த நகத்தைத் திருப்பிப் பார்த்தால், அதன் உள்ளங்கையில் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை! சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தால் இந்தச் சந்தோஷம் ஏது?

திறமைகள் வளரும் விதமும் அப்படித்தான். மொத்தம் 18. எதைச் செய்கிறோமோ அது வளரும். அடி வாங்கினால் கவசத் திறமை ஏறும், கடையில் விற்று வாங்கினால் பேச்சுத் திறமை ஏறும். இரண்டாம் ஆட்டத்தில் மந்திரவாதியாகத்தான் இருப்பேன் என்று சபதமே போட்டேன். பத்து நாளில் பார்த்தால் கையில் வில், இருட்டில் பதுங்கிக்கொண்டிருக்கிறேன். என் சுபாவம் எனக்கே தெரிந்தது அன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் 300 எடைதான் தூக்கலாம். ஒரு டிராகன் எலும்பே 15. எடை மீறினால் ஓடவும் முடியாது, ஆமை நடைதான். சில்லறை வேலைகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். பட்டறையில் நானே அடித்து மந்திரம் ஏற்றிய வாள் கைக்கு வந்தபின் எதிரிகள் இரண்டே வெட்டில் விழுந்தார்கள். அந்த ஆட்டத்தை அதோடு விட்டுவிட்டேன்.

ஐவர்ஸ்டெட் கிராமத்தில் கிளிமெக் என்று ஒருவர் இருக்கிறார். ஏழாயிரம் படி என்று பெயர் பெற்ற மலைப்பாதையில் ஏறி, உச்சியில் இருக்கும் துறவிகளுக்குக் கருவாடும் உப்புக்கண்டமும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். முன்பு போல ஏற முடியவில்லை என்று நம்மிடம் கேட்பார். வழியில் பனி, ஓநாய், ஒரு பூதம். மேலே போய்ப் பெட்டியில் பையை வைத்தால் வேலை முடிந்தது. பெரிய பரிசெல்லாம் இல்லை. ஆனாலும் எந்தப் புது ஆட்டத்திலும் அந்த மூட்டையை வாங்காமல் நான் மலை ஏறுவதில்லை.