நேரில் போவதா, நேரலையில் பார்ப்பதா?

தில்லி மயூர் விஹாரில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். "அண்ணா, விசாரணைதான் நேரலையில வருதே, திலக் மார்க்ல இருக்குற சுப்ரீம் கோர்ட் வரைக்கும் எதுக்குப் போகணும்?" என்றான். நியாயமான கேள்விதான்.

உச்ச நீதிமன்றம் நேரலையை ஏற்றுத் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 26 அன்று. அரசியல் சாசனக் கேள்விகளை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் கேட்கும் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை மக்கள் பார்வைக்கு வந்தது 2022 செப்டம்பர் 27 முதல்.

நேரலையின் பெரிய பலம் மைக். கூடத்தில் பின்வரிசையில் நெரிசலுக்குள் நின்றால் உத்தரவு பாதிதான் காதில் விழும். 'டிஸ்போஸ்டு' என்று நீதிபதி சொன்னதை 'டிஸ்மிஸ்டு' என்று கேட்டு, முடித்துவைத்த மனுவைத் தள்ளுபடி என்று நானே சென்னைச் செய்தி அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் திருத்தினோம். அதற்குள் மனுதாரரின் ஊர் வரை செய்தி போய்விட்டது. இன்றும் அது உறுத்துகிறது.

ஆனால் கேமரா பெரும்பாலும் நீதிபதிகளையும் பேசும் வக்கீலையும்தான் காட்டும். ஜூனியர் நீட்டிய துண்டுச்சீட்டைப் பார்த்ததும் சீனியரின் வாதம் திசை மாறுவதும், மைக்கை மூடிக்கொண்டு இரு நீதிபதிகள் தங்களுக்குள் பேசுவதும், தீர்ப்பு வாசிக்கும்போது ஒரு தாயின் கை புடவைத் தலைப்பை இறுக்குவதும் அங்கே இருந்தால்தான் தெரியும். அப்புறம், பாட்டியாலா ஹவுஸ், தீஸ் ஹசாரி போன்ற தில்லி விசாரணை நீதிமன்றங்களில் பெரும்பாலும் இப்படி நேரலை கிடையாது. ஜாமீன், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் பெரும்பாலும் நடப்பது அங்கேதான்.

அரசியல் சாசன அமர்வா, ஹெட்போன் போட்டு உட்கார். மற்ற நாட்களில் மெட்ரோ பிடி, தம்பி.