61-ஆம் பக்கத்தைப் புரட்டாத மதிப்புரை

ஆய்விதழில் உங்கள் புத்தகத்துக்கு மதிப்புரை வரப்போகிறதா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சோழர் கால நில அளவைகள் பற்றிய என் புத்தகத்துக்கு ஓர் ஆங்கில ஆய்விதழில் இரண்டு பக்க மதிப்புரை வந்தது. வேலி என்ற நில அளவைக்கு 6.6 ஏக்கர் என்ற பிற்காலக் கணக்கை நான் அப்படியே கல்வெட்டுகளுக்குப் பொருத்திவிட்டேனாம். எனக்குத் தலை சுற்றியது. அப்படிப் பொருத்தக் கூடாது, நிலம் அளக்கும் பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் ஒன்றல்ல என்றுதான் 61-ஆம் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன்!

கோபத்தில் அன்றிரவே இதழாசிரியருக்கு நாலு பக்க மின்னஞ்சல். அது என் தப்பு. நடை வறட்சி என்று மதிப்புரையாளர் சொன்னதற்கும் சேர்த்துச் சண்டை போட்டிருந்தேன். அது அவர் கருத்து, அதற்கு யார் திருத்தம் போடுவார்கள்? வேலிக் கணக்கும் அந்தப் புலம்பலோடு அடிபட்டுப் போனது. ‘மதிப்புரையாளரின் சுதந்திரம்’ என்று ஒரு வரி பதில் வந்தது. (ஆய்வுக் கட்டுரைகளைப் போல மதிப்புரைகளைப் பெரும்பாலும் வெளி அறிஞர்களிடம் அனுப்பிச் சரிபார்ப்பதில்லை.)

விடாமல் கேட்டதும் 300 சொற்களில் பதில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அச்சில் பார்த்தால் அதன் கீழேயே மதிப்புரையாளரின் மறுமொழி, புதிதாக இரண்டு குற்றச்சாட்டுகளோடு. வேலி பற்றி மூச்சு இல்லை. கடைசிச் சொல் அவருக்குத்தான் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பதில் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். அதைவிட, பதில் வேண்டாம், பிழைதிருத்தம் போடுங்கள் என்று கேளுங்கள். அவர் எழுதிய வரி, பக்கத்திலேயே உங்கள் புத்தகப் பக்கத்தின் படம், அவ்வளவு போதும். எனக்குக் கடைசியில் அப்படித்தான் மூன்று வரித் திருத்தம் கிடைத்தது, எட்டு மாதம் கழித்து.

வக்கீல் நோட்டீஸ் விடச் சொன்ன நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு, சட்ட ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியரான ஜோசப் வைலர்மீது நடந்த வழக்கைச் சொன்னேன். தன் புத்தகத்தைப் பற்றிய மதிப்புரையை நீக்க மறுத்ததற்காக ஒரு சட்ட ஆய்வாளர் அவர்மீது பாரிஸில் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். பதில் எழுதினால் வெளியிடுகிறேன் என்று வைலர் முன்பே சொல்லியிருந்தார். 2011 மார்ச்சில் வைலர் விடுதலை. வழக்குப் போட்டவர் அவருக்கு 8,000 யூரோ தரவேண்டியதாயிற்று.

சரி, திருத்தம் வந்ததே என்றால், பழைய பிடிஎஃப்பில் அது இன்னும் சேரவில்லை. போன வாரம் ஒரு மாணவர் அதைத்தான் அனுப்பி, “சார், இது உண்மையா?” என்று கேட்டார். 61-ஆம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.