முப்பது நாள் லீவும் ஒரு மெழுகுக் கட்டியும்

தோஹாவிலிருந்து முப்பது நாள் லீவில் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். அதில் முக்கால்வாசி, நுரையீரல் கேன்சர் என்று தெரியவந்த அத்தையோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கழிந்தது. ஊருக்குப் போய் பெரியவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் தொட்டதில்லை. முப்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். மூன்று மாதமாக இருமல், கூடவே இடுப்பு வலி. உள்ளூர் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டிபி அதிகம் உள்ள நம் நாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடப்பதுதான். இருந்தாலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

நான் போன மறுநாளே அத்தைக்கு மூச்சு வாங்கியது. தஞ்சாவூரில் முதுகுப் பக்கம் ஊசி செருகி, நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை எடுத்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல், கருப்பட்டித் தண்ணி நிறத்தில். கேன்சர் செல் அதில்தான் தெரிந்தது.

அப்புறம் திருச்சியில் பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி போட்டு, லேசாகக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துகிறார்கள். கேன்சர் செல் அதை மற்ற செல்களைவிட அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். மூளை எப்போதுமே சர்க்கரை தின்னும் இடம் என்பதால் அதற்கு எம்ஆர்ஐ தனியாக. வலது நுரையீரல், இடுப்பெலும்பு, மூளையில் இரண்டு சின்னப் புள்ளிகள். நாலாம் கட்டம்.

"அப்போ நுரையீரல்ல ஒண்ணு, எலும்புல ஒண்ணு, மூளையில ஒண்ணுன்னு மூணு கேன்சரா?" என்றார் மாமா. "இல்லைங்க ஐயா, எல்லாம் ஒண்ணுதான். நுரையீரல்ல இருந்து கிளம்பி ரத்தத்துல போய் அங்கங்க உட்கார்ந்திருக்கு. எங்க இருந்தாலும் அதுக்கு நுரையீரல் கேன்சருக்கான மருந்துதான்" என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா என்று மாமா விடவில்லை. "உங்க வயல்ல கோரை மண்டினா ஒரு இடத்துல பிடுங்கினா போதுமா?" அதற்குமேல் மாமா பேசவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லாரும் உடனே கீமோ ஆரம்பிக்கச் சொன்னார்கள். நானும்தான், லீவு ஓடிக்கொண்டிருந்ததே. டாக்டரம்மா அசையவில்லை. மூச்சு ஓரளவு சரியாக இருப்பதால், கேன்சர் செல்லின் மரபணு ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாம் என்றார். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாதிரி மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. இல்லாவிட்டால்தான் கீமோ, இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கேன்சருக்கு எதிராகத் தூண்டிவிடும் ஊசி). அவசரப்பட்டு இம்யூனோதெரபி ஊசி போட்டுவிட்டு, பிறகு இஜிஎஃப்ஆர் மாத்திரைக்கு மாறினால் நுரையீரலே அழற்சியாகும் ஆபத்து கூடுமாம். புகை பிடிக்காத ஆசியப் பெண்களிடம் இந்த இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் காணப்படுகிறது என்றும் சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்கு வேண்டியது 'பிளாக்'. எடுத்த நீரின் அடி வண்டலை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி. அதை வாங்க லேபுக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை டாக்டர் கடிதம் இல்லை, இரண்டாம் தடவை கடிதத்தில் சீல் இல்லை. கடைசியில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பாதித் தீப்பெட்டி அளவு, மேலே பென்சிலில் எழுதிய எண். மார்ச் மாத வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து பஸ்ஸில் நிழல் பக்கமாக உட்கார்ந்து வந்தேன். சென்னை லேபுக்கு கூரியரில் போய், பன்னிரண்டு நாளில் பதில் வந்தது: இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது.

அதற்கான மாத்திரை ஓசிமெர்டினிப், 80 மில்லிகிராம், தினம் ஒன்று. மூளைக்குள்ளும் நன்றாகப் போகும் மருந்து என்பதால் பழைய மாத்திரையான ஜெஃபிடினிபை விட்டுவிட்டு இது. ஃப்ளாரா என்ற ஆய்வில் இதைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 38.6 மாதங்களுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார்கள். பழைய மாத்திரைகளில் அது 31.8. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கும், ஒருநாள் நோய் அதற்கு அடங்காமல் போகும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்த மூன்று கேன்சர் மருந்துகளில் இதுவும் ஒன்று. எடுத்தும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அத்தை பிள்ளைகளும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம். இடுப்பு வலிக்கு ஒரே தடவையில் கதிர்வீச்சு கொடுத்துவிட்டார்கள். அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவியது.

வலிக்கும் மூச்சுத் திணறலுக்குமான பேலியேட்டிவ் பிரிவுக்கு எழுதிக் கொடுத்ததும் மாமா முகம் வெளிறிப்போனது. அது கடைசிக் காலத்துக்கு மட்டும் இல்லை. பரவிய நுரையீரல் கேன்சருக்கு ஆரம்பத்திலேயே அதையும் சேர்த்தவர்கள் கூடுதல் நாள் இருந்தார்கள் என்று 2010-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அன்று இரவு மாமாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு டீ ஆனது.

இத்தனையும் அத்தைக்குத் தெரியாமல் நடக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 'நெஞ்சுல சளி' என்றுதான் வீட்டில் பேச்சு. மாத்திரை வாங்கிய அன்று காரில் ஏறும்போது சாதாரணமாகச் சொன்னார்: "வாசல்ல இவ்ளோ பெருசா புற்றுநோய்ப் பிரிவுன்னு போர்டு வெச்சிருக்கான். நான் என்ன எழுத்து படிக்கத் தெரியாதவளா?" யாரும் வாய் திறக்கவில்லை. தஞ்சாவூர் தாண்டும்போது பூக்கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டார்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. இருமல் குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறார். மாத்திரையால் அவ்வப்போது வயிற்றுப்போக்கு, முகத்தில் பரு மாதிரித் தடிப்பு, கையில் நகச்சுத்து. எல்லாம் எதிர்பார்த்ததுதான், களிம்பு எழுதித் தந்திருக்கிறார்கள். நேற்று வீடியோ காலில் கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது.

"களிம்பு எங்க அத்தை?"

"அது இந்த விரலுக்கு" என்று கட்டை விரலைக் காட்டினார்.