திறந்த வெளியில் நிற்கும் மர பெஞ்சுக்கு வார்னிஷா, எண்ணெயா?

என்னிடம் ஒரு தேக்கு பெஞ்சு இருக்கிறது. கூரையில்லாத இடத்தில் நிற்கிறது. இருவர் தாராளமாக உட்காரலாம், மூவர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். முதல் ஐந்து ஆண்டுகள் அது வார்னிஷில் இருந்தது. கடந்த நான்கு ஆண்டுகளாக எண்ணெயில் இருக்கிறது. ஒரே மரம், ஒரே இடம், ஒரே வெயிலும் மழையும் என்பதால் இரண்டையும் ஒப்பிட எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். நான் எண்ணெய்க் கட்சி. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வார்னிஷ் பளபளக்கும், எண்ணெய் மங்கலாகத்தான் இருக்கும். வார்னிஷ் பூசி முடிக்க நாட்கள் பிடிக்கும், எண்ணெய்க்கு ஒரு பழந்துணியும் ஒரு காலைப்பொழுதும் போதும். வார்னிஷ் ஆண்டுக்கு ஒருமுறை கவனிப்புக் கேட்கும், எண்ணெய் இரண்டு முறை கேட்கும். இவையெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. பூச்சு கெட்டுப்போகும்போது எப்படிக் கெடுகிறது, கெட்டதை மீட்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைத்தான் எந்த டப்பாவும் சொல்வதில்லை. நான் கட்சி மாறியது அந்த ஒரு காரணத்துக்காக.

வார்னிஷ் மரத்தின் மேல் போர்த்திய தோல். எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, அங்கேயே காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகிவிடுகிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

மரத்தின் செல்லுலோஸ் நார்களைப் பசைபோல ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. அந்தக் கதிர் மரத்துக்குள் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் வார்னிஷ் பற்றிக்கொண்டு நிற்பது அந்த மெல்லிய அடுக்கைத்தான். மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்று நிறமற்ற வார்னிஷை வாங்குகிறோம். அது ஒளியை உள்ளே விடுகிறது, ஒளியோடு கதிரும் உள்ளே போகிறது. மேலே தோல் கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் அதன் பிடி தளர்ந்துகொண்டிருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து ஈரம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பலகையின் நடுவில் இது பெரிய தொந்தரவில்லை. இரண்டு சட்டங்கள் பொருந்தும் மூட்டில் ஒன்று இந்தப் பக்கம் அசையும், மற்றொன்று அந்தப் பக்கம் அசையும். மூட்டின் மேல் படிந்த தோல் மயிரிழை அளவு கீறிக்கொள்ளும். அந்தக் கீறல் வழியாக உள்ளே போன மழைநீருக்கு வெளியே வர வழி இல்லை.

நான் மட்டமான சரக்கை வாங்கி ஏமாந்தவன் அல்லன். வெளிப்புறத்துக்கென்றே செய்யப்படும் ஸ்பார் வார்னிஷைத்தான் பூசினேன். பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் கழிக்கு ஆங்கிலத்தில் ஸ்பார் என்று பெயர். கழி வளையும்போது பூச்சும் உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் விகிதத்தைக் கூட்டிச் செய்த வகை அது. இப்போது கதிரை உறிஞ்சும் பொருளையும் அதில் சேர்க்கிறார்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், முதல் கோட்டுக்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைத்தேன். முதல் கோட்டை நீர்த்துப் பூசினேன். மொத்தம் ஆறு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே உப்புத்தாள் தேய்ப்பு. அந்த வாரம் பெஞ்சின் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. முடித்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது வந்த தச்சர் ஒருவர் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது ஐயா. வருஷத்துக்கு ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், ஒரு வருஷம்கூடத் தவறக்கூடாது" என்றார். முதல் இரண்டு ஆண்டுகள் தவறவில்லை. லேசாகத் தேய்த்து மேலே ஒரு கோட் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு வேலை, அலைச்சல், அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற வழக்கமான கதை. நான்காம் ஆண்டு கைப்பிடியின் மூட்டருகே நகத்தளவுக்கு ஒரு வெள்ளைப் பொக்குளம் தெரிந்தது. நகத்தை வைத்து நெம்பினேன். உள்ளங்கை அளவு தோல் வெங்காயச் சருகுபோல முழுதாகக் கையோடு வந்தது. அடியில் மரம் சாம்பல் நிறத்தில், ஈரம் தோய்ந்து, கரும்புள்ளிகளோடு கிடந்தது.

அங்கே தொடங்கிய வேலையைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம் என்று பார்த்தேன். தேய்த்துப் புதிதாகப் பூசிய இடம் ஒரு நிறம், சுற்றிலும் வெயிலில் மஞ்சளித்த பழைய இடம் வேறு நிறம். வேட்டியில் போட்ட ஒட்டு போலப் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது. மறு ஆண்டு அந்த ஒட்டின் ஓரத்திலிருந்தே அடுத்த உரிதல். ஆக, முழுதையும் சுரண்டி எடுப்பது தவிர வேறு வழி இல்லை. தட்டையான பலகையில் சுரண்டுவது சுகமான வேலைதான். பெஞ்சில் தட்டையான இடம் கொஞ்சம். முதுகுச் சட்டங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. மூலைகளில் வார்னிஷ் சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கெட வேண்டாம் என்று நினைத்த இடத்தில் தானாக உரிந்த அதே பொருள், உரிய வேண்டும் என்று கெஞ்சிய இடத்தில் அசையவில்லை. 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடித்தேன். நான்கு விடுமுறை நாட்களும், கட்டை விரலில் ஏறிய இரண்டு சிலாம்புகளும் போயின.

எண்ணெய் கெடும் விதம் வேறு. அது உரிவதில்லை, தேய்ந்து மறைகிறது. உட்காருமிடம் முதலில் வெளுக்கும். தண்ணீர் தெளித்தால் முன்பு முத்து முத்தாக நின்ற துளி, இப்போது பரவி ஊறும். அதுதான் அறிகுறி. பெஞ்சைக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, 120 எண் தாளால் ஓர் ஓட்டு ஓட்டி, எண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால் முடிந்தது. வெளுத்த இடத்துக்கு மட்டும் தடவினாலும் ஓரம் தெரிவதில்லை, பழையதோடு கலந்துவிடுகிறது. ஓர் ஆண்டு தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நான் சாட்சி. போன ஆண்டு தவறவிட்டேன். கொஞ்சம் அதிகமாகத் தேய்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சோம்பேறியை வார்னிஷ் தண்டிக்கிறது, எண்ணெய் சும்மா முறைத்துவிட்டு விட்டுவிடுகிறது. நான் எந்த வகை ஆள் என்பது ஐந்து ஆண்டுகளில் எனக்கே தெரிந்துபோயிற்று.

எண்ணெயின் குற்றங்களையும் சொல்லாவிட்டால் கட்சிப் பிரசாரம் ஆகிவிடும். முதல் குற்றம் பெயரிலேயே இருக்கிறது. தேக்கு எண்ணெய் என்று டப்பாவில் எழுதி விற்பது தேக்கு மரத்தில் எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ, டங் என்ற மரத்தின் விதையில் எடுக்கும் எண்ணெயோ, அதோடு கரைப்பானும் சில சமயம் கொஞ்சம் வார்னிஷும் கலந்த கலவை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்பதும் இப்போது காய்ச்சியது அல்ல, உலோக உப்புகளைச் சேர்த்து விரைவாக உலரும்படி செய்தது. சேர்க்காத பச்சை எண்ணெய் உலர நாட்கணக்காகும். அந்த இடைவெளியில் பறந்து வரும் தூசி முழுவதும் அதில்தான் வந்து உட்காரும்.

இரண்டாவது, பூசணம். தாவர எண்ணெய் பூசணத்துக்கு நல்ல தீனி. நிழலும் ஈரமும் உள்ள மூலையில் ஆளிவிதை எண்ணெய் பூசிய மரம் சில மாதங்களிலேயே கறுக்கலாம். என் பெஞ்சின் பின்கால்கள் அப்படிக் கறுத்தன. பூசணத்தடுப்பு சேர்ந்த கலவைக்கு மாறிய பிறகு குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை.

மூன்றாவது, இரக்கமே இல்லாத குற்றம். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளியாகிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றில் போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில் பிடித்த தீ இப்படித்தான் தொடங்கியது. மரத் தடுப்புகளைத் துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் அங்கே விடப்பட்டிருந்தன. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் என் முதல் காரியம் துணிகளை வெளியே கம்பியில் ஒற்றையாக விரித்துப் போடுவதுதான். காய்ந்து அப்பளம்போல விறைத்த பிறகே குப்பைக்குப் போகும். எண்ணெய் கலந்த வார்னிஷ் நனைந்த துணிக்கும் இதே கவனம் வேண்டும். பிரஷால் பூசும் வார்னிஷ்காரர்களிடம் அப்படிப்பட்ட துணிகள் குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கக்கூடும்: தேக்குக்கு எதற்கு இரண்டும்? நியாயமான கேள்வி. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி தன் எண்ணெய்ப்பசையால் தன்னையே காத்துக்கொள்ளும். சும்மா விட்டால் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும், மட்கிவிடாது. வெயிலிலும் மழையிலும் பூச்சில்லாத மரம் அரிபடும் வேகம்கூட நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. ஊசியிலை மரங்களிலேயே அது நூறு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர் அளவுதான் என்று மர ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தேக்கில் நான் எண்ணெய் தடவுவது அந்தத் தேன் நிறத்துக்காகத்தான், பாதுகாப்பு என்று பெருமை பேச மாட்டேன். சாம்பல் நிறம் பிடிக்கும் என்றால் நீங்கள் எங்கள் இரு கட்சியையும் விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். பைன் போன்ற மென்மரத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம். அதற்கு மட்கலைத் தாங்கும் சக்தி குறைவு. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மட்கவைக்கும் பூஞ்சைக்கு வேலை இல்லை. அதனால் எந்தப் பூச்சு என்பதைவிடத் தண்ணீர் தேங்காத இடத்தில் நிறுத்தியிருக்கிறோமா என்பது அங்கே பெரிது.

கழுவுவதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மென்மையான பிரஷ், மிதமான சோப்பு நீர், நாரோட்டத்தின் திசையில் தேய்ப்பு. அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தை எண்ணெய் பூசிய மரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வளையங்களுக்கு இடையே உள்ள மென்பகுதியை அது அரித்துவிடும், உட்கார்ந்தால் துணி சிக்கும் அளவுக்கு வரிவரியாக நிற்கும். என் பெஞ்சின் இடது கைப்பிடியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆணியைச் சுற்றி வரும் நீலக்கறுப்புக் கறைக்குச் சோப்பு பயன்படாது. இரும்பும், மரத்திலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாகும் கறை அது. நீர்த்த ஆக்சாலிக் அமிலம்தான் எடுக்கும். அது நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வார்னிஷின் அடியில் அதே கறை வந்துவிட்டால் முதலில் தோலை உரித்தாக வேண்டும். சுற்றிச் சுற்றி அதே சுரண்டியிடம் வந்து நிற்கிறோம்.

வார்னிஷ் வெல்லும் இடமும் உண்டு. மழை நேரடியாக விழாத வாசற்கதவு, கூரைக்குக் கீழே உள்ள மேசை ஆகியவற்றில் வெயில் குறைவு, ஈரம் குறைவு, தோல் உரியக் காரணமும் குறைவு. சாயமோ குழம்போ சிந்தினால் துடைத்துவிட்டுப் போகலாம், எண்ணெய் பூசிய மரத்தில் கறை இறங்கிவிடும். நிறமி கலந்த பூச்சுகள் கதிரைத் தடுப்பதில் நிறமற்றவற்றைவிட மேல் என்பதும் உறுதி. அப்படி ஒன்றை ஒரு சிறிய முக்காலியில் போட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் என் வார்னிஷும் இரண்டு ஆண்டுகள் வரை குறை சொல்லவிடாமல்தான் இருந்தது. கடற்கரை உப்புக்காற்றில் எது நிற்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமாட்டேன், நான் அங்கே எதையும் வைத்துப் பார்க்கவில்லை.

எண்ணெய்க்கு வருபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பெஞ்சின் கால்களில் தரையைத் தொடும் அடிமுகம்தான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். அங்கே நார்க்குழாய்கள் எல்லாம் திறந்த வாயோடு நிற்கின்றன. நான்கு பழைய மூடிகளில் எண்ணெய் ஊற்றி, நான்கு கால்களையும் அவற்றில் நிறுத்திவிட்டு ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் மூடிகள் பாதி காலியாக இருக்கும். மிச்சத்தைத் துடைத்து, மூடிகளைத் துடைத்த துணியையும் கம்பியில் விரித்துவிட்டு, அதன் பிறகுதான் காப்பி.